ஷாலினின் விரல்

மண்ணூர்
3-6-2025

அன்புள்ள கனகம் அக்காவுக்கு,

அமலா எழுதுகிறேன். மெடிக்கல் ரூம் நர்ஸ் கையெழுத்து உங்களுக்குத் தெரியும்தானே. தினமும் கம்பெனியில் பார்த்துக்கொண்டே எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அங்கே வாயைத் திறந்தால் பத்துக் காது. உங்கள் போனோ வீட்டில் பையன் கையில். அதனால்தான் கம்பெனி பஸ் ஓட்டும் கோதண்டம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் சாம்பார்ப் பொடியும் அவர் வழியாகத்தானே போய்வரும்.

விரலைக் குத்திச் சர்க்கரை அளவைப் பதிகிற கம்பெனி உடல்நல ஆப்பில் உங்கள் லைன் மொத்தமும் சேர்ந்துவிட்டது. மற்ற லைன்களில் கெஞ்சியும் ஆளில்லை. மேனேஜர் கூப்பிட்டுப் பாராட்டினார், நானும் தலைகால் புரியாமல் ஆடினேன். நேற்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். லைனில் எல்லாருக்கும் ஒரே சர்க்கரை. வயதில் மூத்த சரோஜா அக்காவுக்குக்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளையின் ரத்தம். உங்களுக்கும் அப்படியே. போன வருஷம் உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கித் தந்தவள் நான், அக்கா.

அது யார் விரல்? உங்கள் கால் பெருவிரல் புண் என்ன ஆயிற்று? ஷூவைக் கழற்றச் சொன்னால், லைன் ஓடுகிறது என்று ஓடிவிட்டீர்கள். எனக்கு அந்தப் புண்ணை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

உங்கள்
அமலா


சேரப்பணஞ்சேரி
5-6-2025

என் கண்ணு அமலாவுக்கு,

நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. கெட்டிக்காரிடி நீ.

விரல் ஷாலினுடையது. லைனிலேயே சின்னவள், கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. வேலை முடிந்து, லாக்கரிலிருந்து போன் கைக்கு வந்ததும், பஸ்ஸில் சர்க்கரை மெஷினை அவள் மடியில் வைத்துவிடுவோம். போன வாரம் எழுந்து நின்று, "இன்னாக்கா, நான் இன்னா உங்க எல்லாருக்கும் ரத்த டேங்க்கா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. திட்டிக்கொண்டே அடுத்த விரலை நீட்டினாள், தங்கம்.

ஏன் என்று கேட்பாய். எங்கள் லைனில் இருந்த புருஷோத்தமனை மறந்துவிட்டாயா? கம்பெனி கண் முகாமில் அவருக்குச் சர்க்கரை என்று எழுதிய சீட்டு நேராகச் சூப்பர்வைசர் மேசைக்குப் போனது. யாரும் அவரைத் திட்டவில்லை. "உடம்பப் பாத்துக்கப்பா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். முதலில் நைட் ஷிப்ட் போனது, பிறகு ஓ.டி. போனது, கான்ட்ராக்ட் முடிந்ததும் ஆளே போனார். உன் ஆப் எடுத்த எடுப்பில் எம்ப்ளாயி நம்பர் கேட்கிறது. உடம்புக்கு முன்னால் நம்பரைக் கேட்கிறவனிடம் யார் உண்மை சொல்வார்கள்? தமிழாவது புரிகிறதா என்றால், 'அளவீட்டினை உள்ளீடு செய்க' என்கிறது. "இது யாருக்குடி எழுதிகீது?" என்று சரோஜா கேட்டாள்.

புண் ஆறவில்லை. ஷூவுக்குள் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். பையன் படிப்பு முடிகிறவரை இந்த லைனை விட்டு என்னால் இறங்க முடியாது. உன்னிடம் காலைக் காட்டுவேன், ஆப்பிடம் காட்ட மாட்டேன்.

கனகம்


மண்ணூர்
16-6-2025

அன்பு அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கோபம் வரும் என்று நினைத்தேன். பெருமைதான் வந்தது. பொய் சொன்னாலும் ஒருத்தரையும் விட்டுக்கொடுக்காத லைன் அது.

மறுநாளே மேனேஜரிடம் போனேன். விரல் கதையைச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். எம்ப்ளாயி நம்பரை எடுங்கள், பெயரும் அளவும் எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியட்டும், தமிழை நாம் பேசுகிற மாதிரி மாற்றுங்கள் என்றேன். முடியாது என்றார். அப்படியானால் இதை நடத்த வேறு நர்ஸைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார். புதன்கிழமை கேன்டீனில் அவருடைய ஸ்கிரீனை எல்லார் முன்னாலும் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே சர்க்கரை பார்க்க யாருமே வரவில்லை என்றால் என் வேலை தங்குமா, தெரியாது. அதற்காக விரலை நீட்டாதீர்கள். உங்கள் காலுக்காக நீட்டுங்கள்.

அமலா


சேரப்பணஞ்சேரி
22-6-2025

என் அமலாவுக்கு,

வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். நீ போட்ட கட்டு அப்படியே இருக்கிறது.

புதன்கிழமை கேன்டீனில் எல்லாரும் பார்த்தோம். மேனேஜர் ஸ்கிரீனில் மொத்தக் கணக்குதான் இருந்தது, ஒரு பெயர்கூட இல்லை. அப்படியும் ஒருத்தரும் அசையவில்லையே. வேலை போய்விடுமோ என்று நீ மேனேஜரைப் பார்த்திருக்க வேண்டும். நீயோ என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

ஷாலின் பழக்கத்தில் மெஷினிடம் போய் விரலை நீட்டினாள் பார், அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அவள் கையைத் தள்ளிவிட்டு என் விரலை வைத்தேன். முந்நூற்று நாற்பத்திரண்டு. நானே சத்தமாகப் படித்தேன். "அடிப்பாவி, இத்த வச்சிக்கினா லைன்ல நின்னுகினு இருந்த?" என்று சரோஜா அழுதாள். அழுதுகொண்டே அவளும் வந்து வரிசையில் நின்றாள். பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே, ரத்தம் தொட்டு வைக்கிற ஸ்ட்ரிப்பே தீர்ந்துபோனது.

கால் விரல் தப்பிவிடும் என்கிறார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எடுத்திருப்பாராம். புண் ஆறும்வரை உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். லைனில் என் இடத்தில் ஷாலின் நிற்கிறாள். போர்டில் என் பெயரை அழிக்க வந்தவனிடம், "அக்கா வருவாங்க, கைய எடு" என்றாளாம். நீ வாயைத் திறந்த பிறகு எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது.

இனிமேல் சர்க்கரை விஷயத்துக்குக் கடிதம் வேண்டாம், ஆப்பிலேயே போடுகிறேன். கோதண்டம் அண்ணனிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. சாம்பார்ப் பொடி தொடரும் என்று சமாதானம் சொன்னேன்.

நேற்று போனுக்குப் பூட்டுப் போட்டேன். பையன் வாசலிலேயே நின்று, "இன்னாமா நம்பர்?" என்று கேட்டான். சொல்லவில்லை. இந்த வீட்டில் பீரோ சாவிகூட என்னுடையது என்று இருந்ததில்லை, இப்போது நாலு நம்பர் இருக்கிறது. உனக்கும் சொல்ல மாட்டேன், போ. நீ என் சர்க்கரையைப் பார்த்துத் திட்டினால் போதும்.

உன்
கனகம் அக்கா