என் பெயர் இல்லாத பாதி

சுசீந்திரம்
20 ஜனவரி 2024

அன்புள்ள பிபின்,

கர்த்தர் கிருபையால் நான் நலம். நீயும் மருமகள் அஜிஷாவும் நலம் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் பேசுகிற ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுகிறாய். கடிதத்தில் யாரும் நடுவில் பேச முடியாது. உன் கம்பெனியில் இருக்கும் ஜான்ரோஸ் நாளை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றுக் காலை மயிலாடிக் கல்பட்டறையிலிருந்து டெம்போவில் கல் வந்தது. அப்பாவுக்குக் கல்லறைக் கல் செய்யச் சொல்லியிருப்பதாக நீ சொன்னாய். எனக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பதாகச் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் இறக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். இடது பாதியில் உன் அப்பாவின் பெயர், பிறப்பு, இறப்பு. வலது பாதியில் 'ஹெப்சிபாய்' என்று என் பெயர், பிறப்பு 1951. அதன் கீழே 'இறப்பு' என்று வெட்டி, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

நான் போவதற்கு முன்பே ஊர் பார்த்துவிட்டது. மீன் கொண்டுவரும் வேளாங்கண்ணி கூடையோடு வீட்டுக்கு ஓடி வந்தாள். "அம்மோ, கல்லுல ஒங்க பேரப் பாத்துட்டு எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிட்டு. நேத்து சாளை வேண்டாம்னு சொன்னியளே, அதுக்குள்ள என்னவாக்கும்னு நெனச்சேன்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அரைக் கிலோ சாளை வாங்கி வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எழுத்து சரியில்லை. தொடக்கத்தில் தாராளமாக வெட்டிவிட்டு, இடம் போதாமல் கடைசி எழுத்துகளை வடசேரி பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் போல நெருக்கி அடைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்லை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஏப்ரல் இருபதாம் தேதி அப்பாவின் ஓராண்டு நினைவு ஆராதனை. அதற்குள் என் பெயரை எடுத்துவிடச் சொல். பதிலை எழுதியே அனுப்பு.

இன்னும் உயிரோடிருக்கும்
உன் அம்மா,
ஹெப்சிபாய்


மஸ்கட்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அஜிஷாவும் படித்தாள். சாளை வாங்கிய இடத்தில் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களை வருத்தப்படுத்துவதற்காக நான் அதைச் செய்யவில்லை. அடக்கத்தன்று, "எனக்கும் பக்கத்துல எடம் போட்டு வையுங்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சொன்னதைச் செய்தேன். நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பத்தில் இப்படி வைத்திருக்கிறார்கள். கல்லில் வெட்டியதை இனி அழிக்கவும் முடியாதாம்.

நீங்களும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. டிசம்பரில் நீங்கள் குளியலறையில் விழுந்தது பக்கத்து வீட்டு ஸ்ரீஜித் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுக்களையில் நின்றபடியே கஞ்சி குடிக்கிறீர்கள், முன்னறை ஜன்னலைத் திறப்பதே இல்லை, ஜெபக்கூட்டத்துக்கும் போவதில்லை என்கிறான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் இங்கே எப்படி வேலை பார்ப்பது?

நாகர்கோவிலில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன். தனி அறை, நர்ஸ், ஜெபம் பண்ணச் சிறிய ஆலயம் எல்லாம் இருக்கிறது. நம் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். புரோக்கர் தாணு அடுத்த வாரம் வந்து பார்ப்பார். ஏப்ரலில் நான் வரும்போது உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்புகிறேன். பிடிவாதம் பிடிக்காதீர்கள் அம்மா.

அன்புடன்,
பிபின்


சுசீந்திரம்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள பிபின்,

தாணு வந்தார். டீ கொடுத்தேன். அறை அறையாகப் பார்த்து, மாடியில் தண்ணீர் வருமா என்று கேட்டார். வரும், ஆனால் வீட்டில் நான் குடியிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஸ்ரீஜித் சொன்னது எல்லாம் உண்மை. ஒரே ஒரு தட்டுக்காக மேசையைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்லை அழிக்க முடியாது என்று எழுதியிருந்தாய். கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று நானே பஸ் ஏறி மயிலாடிக்குப் போனேன். அதை வெட்டியவர் கிருஷ்ணமணி. ஐம்பது வயதிருக்கும், புருவமெல்லாம் கல்தூள். விஷயத்தைச் சொன்னேன். "அழிச்சு எழுததுக்கு இது சிலேட்டா அம்மா? கல்லாக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, கல்லைப் பட்டறைக்கே திரும்ப எடுத்துவந்து, திருப்பிப் போட்டு மறுபக்கத்தை மெருகேற்றிப் புதிதாக வெட்டலாம் என்றார். அப்படியே செய்யுங்கள், எழுத்தையும் ஒழுங்காக வெட்டுங்கள் என்றேன். எது ஒழுங்கில்லை என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பட்டறையில் உளிச்சத்தம் நின்றுவிட்டது. "கொற சொல்லுதது லேசு. நீங்களே எழுதித் தாங்க, அதுமேல நான் உளி வைக்கேன்" என்று ஒரு பெரிய தாளைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். கேலிதான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் வேண்டியிருந்தது, வேறொன்றுமில்லை. கான்வென்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். ஒரு மணி நேரத்து வேலை என்று நினைத்தேன். ஆனால் ஒரு சாண் உயரத்துக்கு எழுதும்போது அது என் கையெழுத்தாகவே இல்லை. கோடெல்லாம் கோணிக்கொண்டு போனது. உன் அப்பாவின் பெயரில் 'ஏசு' வரை எழுதினேன். ஏசுஅடிமை என்று அவர் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். அழுதேன். தாள் நனைந்துவிட்டது. கடைக்குப் போய் வேறு தாள் வாங்கி வந்தேன்.

எழுதி முடித்துக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு, "கடுதாசிக்குக் கொள்ளாம். கல்லுக்கு ஆவாது. இம்புட்டு மெலிசுல உளி வச்சா ஓரம் தெறிச்சுப் போவும்" என்றார் கிருஷ்ணமணி. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். இறங்கியதும் பட்டையான ஒரு தூரிகையும் மையும் வாங்கினேன். விரலால் எழுதக் கூடாது, தோளிலிருந்து எழுத வேண்டும் என்பது மெல்லத்தான் பிடிபட்டது. தோள் வலித்தது. வலித்தாலும் வேலையை விடாமலிருப்பதை இத்தனை காலம் ஒரு பெருமையாக வைத்திருந்தேன். இப்போது வலித்தால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு முற்றத்தில் நடக்கிறேன். கண்ணாடி மாற்றியாயிற்று. மதியம் படுத்துத் தூங்குகிறேன். பசிக்கிறது. மேசை முழுக்கத் தாள் கிடப்பதால் முக்காலியில் தட்டை வைத்து, உட்கார்ந்து, சோறும் நெய்மீன் குழம்பும் சாப்பிடுகிறேன். சந்தேகம் இருந்தால் ஸ்ரீஜித்திடம் கேள்.

அடுத்து நான் கொண்டுபோனதைக் கிருஷ்ணமணி வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறதென்று சொல்லவில்லை. "வேற ஒரு வீட்டுக்குப் பேரு வெட்டணும். எழுதுவியளா அம்மா?" என்றார். எழுதுவேன் என்றேன்.

முதியோர் இல்லத்துக்கு நான் வரவில்லை, பிபின்.

உன் அம்மா,
ஹெப்சிபாய்


மஸ்கட்
7 மார்ச் 2024

அம்மா,

நேற்று சித்தப்பா கூப்பிட்டார். "ஒங்கம்மைய மயிலாடியில கல்லுப்பட்டறையில வச்சுப் பாத்தேம்ல. நீ பைசா ஒண்ணும் அனுப்புதது இல்லியா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? இந்த வயதில் அந்தத் தூசியில் போய் உட்கார உங்களுக்கு என்ன தேவை? என் மேலுள்ள கோபத்தில்தானே இதையெல்லாம் செய்கிறீர்கள்?

ஒன்று சொல்கிறேன். அப்பா இறந்தபோது விசா மாற்றிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து கிளம்ப முடியவில்லை. அடக்கத்தை ஃபோனில்தான் பார்த்தேன். ஸ்ரீஜித் பிடித்துக் காட்டிய வீடியோ நின்று நின்று வந்தது. சபை ஐயர் ஜெபித்தது கேட்கவில்லை. பாட்டும் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் பக்கத்தில் நின்று கேட்டதுபோலத் தெளிவாகக் கேட்டது. மகனாக நான் செய்வதற்கென்று எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதனால்தான் அந்தக் கல்லைச் செய்யச் சொன்னேன்.

அதையும் திருப்பிப் போட்டுவிட்டீர்கள்.

பிபின்


சுசீந்திரம்
18 மார்ச் 2024

என் பிபினுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் தூரிகையைத் தொடவில்லை.

அந்த வரி உன் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று அதை உண்மையாகத்தான் சொன்னேன். அவர்மேல் மண் விழும்போது எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகும் பல மாதம் அப்படியேதான் இருந்தேன். ஊர்க்காரர்கள் அதைத் துக்கம் என்றார்கள். நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நீ அனுப்பிய கல்லில் என் பெயரைப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஏறினேன். ஆகையால் நீ செய்தது வீண் என்று நினைக்காதே. நீ கல் அனுப்பியிராவிட்டால் நான் இன்னும் அடுக்களையில் நின்றுகொண்டிருப்பேன்.

எனக்கு அங்கே இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் அப்பாவின் பக்கத்தில்தான் படுப்பேன். கல்லில் எனக்குரிய பாதியை ஒன்றும் வெட்டாமல் மெருகேற்றி மட்டும் வைத்திருக்கிறோம். "ஒங்க பேரையும் நீங்களே எழுதித் தந்துட்டா பின்ன ஒருத்தரும் கொற சொல்ல முடியாது அம்மா" என்றார் கிருஷ்ணமணி. அவசரமில்லை என்றேன். பட்டறையே சிரித்தது.

வேலை வந்துகொண்டிருக்கிறது. வீட்டுப் பெயர்கள் எழுதினேன். வேளாங்கண்ணியின் மகன் ஆன்ட்ரூஸ் மீன்பிடிக்கப் புது வள்ளம் வாங்கியிருக்கிறான். "கல்லுக்கு எழுதுத கையி வள்ளத்துக்கு எழுதாதோ?" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எழுதிக் கொடுத்தேன். மணக்குடிக் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். வள்ளத்தின் வளைவில் எழுத்து சற்று வழுக்கிப் போயிருக்கிறது. தாளைத் தட்டையாக வைத்து எழுதியது என் தப்பு. அடுத்த வள்ளத்துக்கு அப்படி வராது.

உன் சித்தப்பாவிடம் சொல்: பட்டறையில் எனக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொள்கிறேன். செய்த வேலைக்குக் கூலியும் வாங்குகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

உன் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து, வழுக்காத ஓடு பதித்தாயிற்று. தினமும் காலை உனக்கு ஃபோன் செய்கிறேன். வரவில்லையென்றால் ஸ்ரீஜித்தை அனுப்பு. அவனிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். இதற்கு மேலும் பயமிருந்தால் சொல். பேசுவோம். ஆனால் வீட்டை விடுவதைப் பற்றி அல்ல.

இனி, கல். உன் அப்பாவின் பெயரை வெட்டி முடித்தாயிற்று. நீ வராமல் அதை வைக்க விட மாட்டேன். அவரை அடக்கும்போது நீ இல்லை. கல் வைக்கும்போது நீ இருக்க வேண்டும். பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அது உன்னுடையது. உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அம்மா


மஸ்கட்
29 மார்ச் 2024

அன்புள்ள அம்மா,

இன்று பெரிய வெள்ளி. ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். ரம்ஜான் பெருநாள் லீவோடு சேர்த்து எனக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் பதினைந்தாம் தேதி காலை திருவனந்தபுரத்தில் இறங்குவேன். அஜிஷாவும் வருகிறாள்.

தாணுவிடம் வீடு வாடகைக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன். இல்லத்துக்கும் ஃபோன் செய்து வேண்டாம் என்றேன். பயம் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். காலையில் உங்கள் ஃபோன் வருகிற வரைக்கும் டீயில் கை வைப்பதில்லை. ஆனால் இந்த வாரம் நீங்கள் பேசியது முழுக்கத் தூரிகையைப் பற்றியும் கிருஷ்ணமணியோடு போட்ட சண்டையைப் பற்றியும்தான். அப்பா இருந்தபோது நீங்கள் இப்படிப் பேசுவீர்கள்.

வரியை எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். எழுத்து நன்றாக இல்லையென்றால் நீங்கள் அழகாக மாற்றி எழுதிவிடுங்கள்.

பிபின்


சுசீந்திரம்
9 ஏப்ரல் 2024

பிபின்,

நீ கிளம்புவதற்குள் இது கையில் கிடைக்க வேண்டுமென்று கூரியரில் அனுப்புகிறேன்.

உன் தாள் வந்தது. 'அப்பா, நான் வந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். வரி இடமிருந்து வலமாக மேலே ஏறிக்கொண்டே போகிறது. 'அப்பா'வில் 'ப்'பும் 'பா'வும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. புதுத் தாளை விரித்து, கோடு போட்டு, அதே வரியை எழுதினேன். அழகாகத்தான் வந்தது. சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். வேறு யாரோ சொல்வதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் தாளையே கிருஷ்ணமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வரி ஏறிப் போவுதே அம்மா. நேராக்கட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அப்படியே வெட்டுங்க."

"நீங்களா இத சொல்லுதியோ?" என்றார். நான்தான் சொல்கிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உளியை எடுத்துக்கொண்டார்.

பதினைந்தாம் தேதி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயர் எழுதிக் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து சேரும்போது வீடு பூட்டியிருந்தால் பதறாதே. காரை நேரே மயிலாடிப் பட்டறைக்கு விடச் சொல். வேலை முடிந்ததும் உங்களோடு அதிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

அம்மா