கீபோர்டில் ஒரு கூப்பிடு குரல்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேலை செய்யும் இசைக்கருவிக் கடைக்குப் புது கீபோர்டு ஒன்று வந்திருக்கிறது. கட்டையை அழுத்த அழுத்த ஒலி பெருகுகிறது. அழுத்தியபடியே விரலை அசைத்தால் மனிதக் குரல்போலக் குழைகிறது. முதலாளி அதைச் சோதிக்கச் சொன்னார். எனக்கு எந்தப் பாட்டும் நினைவுக்கு வரவில்லை. சமையலறையிலிருந்து "டேய் குட்டீ..." என்று இழுப்பாயே, அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "யாருப்பா அது, கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க?"

"எங்கம்மா சார்."

"அப்போ பதில் சொல்லேன்ப்பா!"

இருவரும் சிரித்தோம். அதன்பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

அந்தக் கடைசி இழுப்பு மட்டும் சரியாக வரவில்லை. அது மேலே ஏறுமா, கீழே இறங்குமா? அடுத்த முறை போனில் "ஹலோ" வேண்டாம், அப்படியே கூப்பிடு. கடைக்கு ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உன் மகன்