ஹெட்போனைக் குத்தினால் ஸ்பீக்கர் ஊமை

நானா,

பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, சமையல் சிலிண்டருக்கும் வரிசை என்று நாடே தெருவில் நின்ற வருசம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருசம்தான் என் மகன் குகன் கட்டாரில் இருந்து வந்து, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும் உள்ள ஹோம் தியேட்டர் ஒன்றை எங்கள் பாலையூற்று வீட்டு ஹோலில் பூட்டினான். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று எவருக்கும் தெரியாத காலம். தேத்தண்ணிக்குப் போடப் பால்மா இல்லாத வீட்டில், சுவரின் நாலு மூலையிலும் கறுப்புப் பெட்டிகள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் கேட்கிற பிள்ளையா அவன்?

அதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை குகன் என் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டான். வயர் இல்லாதது. இரண்டு காதையும் மூடுகிற தடித்த வளையம். மாட்டின உடனே புது றப்பர் மணம் மூக்கில் ஏறியது. அந்த மணத்தோடு, கூடப்பிறக்காத என் அண்ணன் நீங்களும் வந்துவிட்டீர்கள்.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல மனுசிதான் எழுதுகிறாள். எழுதுகிறேன் என்ற பேரில் பாதியைத் திருத்துகிறாள். "அந்தாள் உயிரோட இருக்கேக்க ஒரு நல்ல சொல் சொல்லேல்ல, இப்ப மடலாம்" என்று இடையில் குத்தலும் உண்டு. அதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் காது போய்விட்டது நானா. துறைமுகத்தில் முப்பது வருசம் சுமை தூக்கும் விஞ்சுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் காது எத்தனை நாளைக்கு மிஞ்சும்? இரைச்சல் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. ஸ்பீக்கரைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. அதனால்தான் இந்த ஹெட்போன். "அப்பா, இனி ஸ்பீக்கரும் பாடும், ஹெட்போனும் பாடும். ரெண்டும் ஒண்டா வேலை செய்யும். ஒரு கரைச்சலும் இல்லை" என்றான் குகன்.

ஒன்றாக வேலை செய்கிறதுதான். ஆனால் ஹெட்போனில் வருவது பிந்தி வருகிறது. படத்தில் ஒருவன் கதவை அடிக்கிறான். பேஸ் பெட்டியின் இடி முதலில் என் உள்ளங்காலுக்கு வருகிறது, அதற்குப் பிறகு காதுக்கு வருகிறது. நடிகன் வாயை மூடின பிறகு அவன் பேசுகிறான். பகிடி வந்தால் வீட்டார் முழுப்பேரும் முதலில் சிரிக்கிறார்கள். கடைசிச் சொல் என் காதுக்கு வருகிற நேரம் அவர்களுடைய சிரிப்பு அடங்கிவிடுகிறது. பிறகு நான் தனியாகச் சிரிக்க, பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருதரம் பொறுக்கலாம், இரண்டுதரம் பொறுக்கலாம். ஒரு முழுப் படத்துக்கும் இதே கூத்தென்றால் எப்படி நானா?

கழற்றிக் கதிரையில் எறிந்தேன். குகன் பொறுமையாகத்தான் சொன்னான்: "அப்ப அறைக்குள்ள சின்ன டிவியைப் பூட்டித் தாறன் அப்பா. வயர் ஹெட்போன், பிந்தாது. உள்ளுக்கிருந்து ஆறுதலாப் பாருங்கோ."

இதே சொல்லை நான் முன்பு கேட்டிருக்கிறேன். என் வாயில் இருந்து.

அந்த வரிசை வருசத்தில் ஞாயிறு தவறாமல் நீங்கள் கிண்ணியாவில் இருந்து வருவீர்கள். பஸ் இல்லாத நாளில் மீன் லொறியில் வருவீர்கள். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் ஐந்தரைக்குள் படம் முடிந்தாக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "தம்பி, மெசின் ஓடுதா?" என்று கேட்பீர்கள். குசினியில் இருந்து மனுசி வெறுந்தேத்தண்ணி கொண்டுவருவாள்.

முதல் நாள் நடந்ததைப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். படத்தில் ஒரு பாலம் இடிந்து விழுந்தது. பேஸ் பெட்டி அடித்த அடியில் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. நீங்கள் துள்ளி எழும்பி, என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து, என்னையும் கதிரையையும் சேர்த்துச் சுவரோரம் தள்ளிவிட்டீர்கள். தள்ளிவிட்டு மேலே பார்த்தீர்கள். கப்பலின் கிடங்குக்குள் சுமை தூக்கும் கயிறு அறுந்து சாக்கு மூட்டை விழுகிற சத்தம் உங்களுக்கு அது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நானும் மேலேதான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

விஞ்சு இரையும்போது வாய்ச் சொல்லுக்கு வேலை இல்லை என்பது நமக்குத்தானே தெரியும். நீங்கள் கிடங்கு வாயில் நின்று கையைக் காட்டுவீர்கள், நான் விஞ்சை இழுப்பேன். உள்ளே எத்தனை பேருடைய தலை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. உங்கள் கைதான் எனக்குக் கண்ணும் காதும். உங்களுக்கு என்னைவிட முந்திக் காது போய்விட்டது. ஹோம் தியேட்டரின் ஐந்து வாயில் ஒன்றும் உங்களுக்குப் பேசவில்லை. அதனால் நான் பக்கத்தில் இருந்து படத்தைக் கையால் சொல்லத் தொடங்கினேன். இவன் அவளுடைய தமையன், இவன் கள்ளன், இவன் செத்துப்போனான். நீங்கள் தலையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பீர்கள்.

இரண்டு ஞாயிறு போக, கை காட்டினால் படத்தை மறைக்கிறதென்று பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். குகன் இரக்கப்பட்டு ஒரு ஹெட்போன் வாங்கி வந்தான். நீள வயர் வைத்தது. பெட்டியின் முகத்தில் உள்ள ஓட்டையில் அதைக் குத்தினான். குத்தின கணமே ஐந்து ஸ்பீக்கரும் ஊமை. உங்கள் முகம் மட்டும் வெளிச்சமாகிவிட்டது. "தம்பி! மழை பெய்யிற சத்தம் கேக்குது!" என்று கத்தினீர்கள். உங்கள் குரல் உங்களுக்குக் கேட்காததால் தெருவே திரும்பிப் பார்க்கிற கத்தல். பிறகு சுற்றிப் பார்த்தீர்கள். ஒன்பது பேர் சத்தமில்லாத படத்தை வெறித்துக்கொண்டு இருந்தார்கள். மெல்லக் கழற்றிவிட்டீர்கள்.

"உலகத்துக்கு வாயடச்சிட்டு நான் மட்டும் கேக்கிறதா? வேணாம், நீங்க பாருங்க."

கழற்றினால் எங்களுக்குச் சத்தம், குத்தினால் உங்களுக்குச் சத்தம். அடுத்த ஞாயிறும் அதே இழுபறி. பாதிப் படத்தில் குத்தல், மீதிப் படத்தில் கழற்றல். எல்லாருக்கும் எரிச்சல். எனக்குத்தான் முதலில் வாய் தவறியது.

"நானா, நீங்க அறைக்குள்ள போய்ச் சின்ன டிவியில பாருங்கோ. உள்ளுக்கிருந்து ஆறுதலாக் கேக்கலாம்."

ஹெட்போனைக் கையில் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனீர்கள். எங்களுக்கு ஹோலில் படம் நன்றாகத்தான் ஓடியது, ஸ்பீக்கர்கள் முழங்க. நடுவில் ஒருதரம் எட்டிப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் முதுகை நிமிர்த்தி, வைத்தியசாலையில் முறைக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தீர்கள். போகும்போது, "நல்ல தெளிவாக் கேட்டிச்சி தம்பி" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை. கேட்டால் பஸ் இல்லை என்றீர்கள். நானும் நம்பினேன். அந்த வருசம் பஸ் இல்லை என்பதை எவன் நம்பமாட்டான்? காய்ச்சல் வந்து நீங்கள் மவுத்தான அன்றுதான் கிண்ணியாவுக்கு வந்தேன். உங்கள் மகள் வேலியோரம் வந்து சொன்னாள்: "வாப்பா ஞாயித்துக்கிழமையெண்டா சேட்டைப் போட்டுட்டு முன்னுக்குக் கதிரையில இரிப்பாரு மாமா. பஸ் வந்து நிண்டுட்டுப் போகும். ஏறமாட்டாரு. ஏனெண்டு கேட்டா, அங்க போனாலும் தனியத்தானே இரிக்கணும் எண்டுவாரு."

இத்தனை நாளாய் இதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. போன ஞாயிறு சொன்னேன். குகன் சின்ன டிவியைப் பூட்ட அறைக்குள் போகப் பார்த்தபோது, "நான் எழும்ப மாட்டன்" என்றேன். "என்னப்பா சின்னப் பிள்ளை மாதிரி" என்றான். உங்கள் மகள் சொன்ன கதையைச் சொன்னேன். மனுசி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துடைக்கவில்லை என்று எழுதப் பார்க்கிறாள், விடவில்லை.

குகன் ரிமோட்டைக் கையில் எடுத்தான். பிறகு எதையோ அமத்தினான், இன்னும் எதையோ அமத்தினான். ஸ்பீக்கரின் சத்தத்தைப் பிடித்து வைத்து, பிந்தி விடுகிற ஒரு வழி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம். என் ஹெட்போனுக்கு எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு. இப்போது எனக்கும் அவர்களுக்கும் சொல் ஒரே நேரத்தில் வருகிறது. ஆனால் படத்தில் இருப்பவன் வாயசைத்து முடித்த பிறகுதான் எல்லாருக்கும் வருகிறது. மூத்த பேத்தி, "வாய் ஒரு பக்கம் போகுது, கதை ஒரு பக்கம் வருகுது" என்று சிணுங்கினாள்.

"உங்கட அப்பப்பா கலியாணத்துக்கே பிந்தி வந்த மனுசன். நாங்களும் கொஞ்சம் பிந்துவம்" என்றாள் மனுசி.

அடுத்த பகிடிக்கு ஒன்பது பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை நானா. "இவ்வளவுதானா?" என்று குகனைக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, நீங்கள் வந்துபோன காலத்திலும் ஒரு வழி இருந்தது என்கிறான். டிவியில் இருந்து வருகிற சத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெட்டிக்கும் மற்றதை ஹெட்போனுக்கும் கொடுக்கிற சின்ன வயராம். விரல் நீளம். டவுண் கடையில் தொங்கியிருக்குமாம். இப்போது சொல்கிறான்! ஆனால் அவனை ஏசி என்ன? அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசையில் நிற்கத் தெரிந்த எனக்கு, உங்களுக்காக ஒரு கடைக்குப் போய், "இதுக்கு என்ன வழி?" என்று கேட்கத் தோன்றவில்லை. அறையைக் காட்டுவது சுகமாக இருந்தது. அந்தக் கட்டில் ஓரத்து முதுகை இனி நான் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

குகனை இன்னொரு ஹெட்போன் வாங்கச் சொல்லியிருக்கிறேன். நம் கிடங்கில் வேலை செய்த ஆறு பேரில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவன் ஒருவன்தான். அவனுக்கும் இப்போது காது சரியில்லையாம். உங்களுக்குத் தெரியும், வாய் மூடத் தெரியாதவன், படம் முழுக்கக் கதைப்பான், முடிவை முந்திச் சொல்லுவான், தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்பான். அவனோடு அரைமணி இருந்தாலே எனக்குத் தலை வெடிக்கும். இருந்தாலும் வருகிற ஞாயிறு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். ஹோலில்தான் இருப்பான், எல்லாருக்கும் நடுவில், அந்தச் சம்பூர் நாகமணி.