பால் ஊற்றிய வானத்துக் கல்

என் ஆசை அக்கா தேன்மொழிக்கு,

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நீ பொறுக்கியது வானத்துக் கல்லேதான் அக்கா! ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு பெண் நேற்று வந்து உறுதியாகச் சொல்லிவிட்டார்.

நம் அனுமந்தன்பட்டித் தோட்டத்தில் திராட்சைப் பந்தலைக் கிழித்துக்கொண்டு அது விழுந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? கரிக்கட்டை மாதிரி கிடந்தது. எடுக்கப் போன என்னைப் பார்த்து, "ஏலே, கை வைக்காத!" என்று கத்தினாய். இடுக்கியால் எடுத்துச் சுத்தமான டப்பாவில் போட்டு மூடினாய். "இது சூரியனோட கூடப்பிறந்த கல்லுடா. உசுரு உண்டாகத் தேவையான சரக்கு இதுக்குள்ள இருக்கலாம். ஆனா மண்ணுல விழுந்ததுமே கெட ஆரம்பிச்சிரும். அதான் விண்கலம் அனுப்பி, இந்த மாதிரிக் கல்லு உடைஞ்சு வர்ற சிறுகோளுக்கே போயி எடுக்கணும்கிறது" என்றாய். "கல்லுப் பொறுக்க ராக்கெட்டா? வேற வேலை இல்ல?" என்று சிரித்தேன்.

ஆராய்ச்சிக்கு அனுப்பும் முன்னே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. டப்பாவைத் திறந்தது அம்மா. "எம்மக பொத்திப் பொத்தி வச்ச கல்லு" என்று உன் படத்துக்கு முன்னால் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றி, மஞ்சள் பூசி, விபூதி வைத்தாள். நம் வீட்டில் உசத்தியான எதற்கும் அதுதானே மரியாதை? எனக்கும் தப்பாகப் படவில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னோடு வேலை பார்த்த அறிவியல் டீச்சர்தான் கேள்விப்பட்டு அந்தப் பெண்ணை வரவழைத்தார். அந்தப் பெண் கல்லில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போனார்.

நேற்று முடிவோடு வந்தார். "உயிருக்கு வேண்டிய பொருள் உள்ள இருக்கும்மா. ஆனா அது வானத்துல இருந்து வந்ததா, உங்க பால்ல இருந்து ஊறினதான்னு எங்களால நிச்சயமாச் சொல்ல முடியல."

அம்மா உன் படத்துப் பக்கம் திரும்பினாள். "ஆத்தாடி! எம்மக காத்து வச்சதை நானே கெடுத்துப்புட்டேனா?"

இல்லையென்று எப்படிச் சொல்ல? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "ஏத்தா, மண்ணும் பாலும் படாத கல்லு எங்கன கிடைக்கும்?"

"மேல போய்த்தாம்மா எடுக்கணும்."

"அப்பப் போங்களேன்! இங்கன விழுந்தா என்னைய மாதிரி எவளாச்சும் கும்பிட்டுத்தான் வைப்பா. எம்மக கரடியாக் கத்துனாளே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அக்கா. நீ பேசியதை அப்படியே அம்மா பேசினாள். இன்று காலையில் பால்காரரையும் விடவில்லை. "மேல போயித்தான் எடுக்கணும்னு ஆராய்ச்சிக்காரவுக சொன்னாகப்பா" என்று வாசலிலேயே நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீதிக் கல்லையும் கொடுத்தனுப்பிவிட்டோம். உன் படத்துக்கு முன்னால் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, பார்க்கவே முடியவில்லை.

அப்படியொரு கலம் போய்க் கல்லோடு திரும்புகிற அன்றைக்கு, அம்மாவை டிவி முன்னால் உட்கார வைப்பது என் பொறுப்பு. பூவும் விபூதியும் உன் படத்துக்கு மட்டும்தான். அம்மா எதன்மேலும் ஊற்றிவிடாதபடி பால் சொம்பு என் கையில் இருக்கும். இது சத்தியம்.

உன்னைக் கேலி பண்ணியே தோற்றுப்போன தம்பி,
முருகேசன்