சாம்பாரில் பருப்பைத் தேடியவள்

மல்காஜ்கிரி
30.6.2002

அன்புள்ள தாரிணிக்கு,

நலமா? உங்கள் ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறதா?

ஒருவரின் ஆங்கிலக் கட்டுரையை இன்னொருவர் படித்து, கருத்தைக் கடிதமாகக் கொடுக்க வேண்டுமென்று வகுப்பில் ராமச்சந்திரன் சார் சொல்லிவிட்டார். என்னிடம் மாட்டியது உன் கட்டுரை. கோபித்துக்கொள்ளாதே.

அன்னம் மெஸ் மோசம் என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய். ஏன் மோசம் என்று ஒரே இடத்தில்தான் காட்டியிருக்கிறாய்: ‘சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.’ கட்டுரையிலேயே சிறந்த வரி அதுதான். அதை மட்டும் எடுத்துவிடாதே.

ஆனால் ஒரே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா? வியாழக்கிழமை இன்னொரு முறை போ. அன்று வத்தக்குழம்பு.

உன் தோழி,
எலிசபெத்

அமீர்பேட்
5.7.2002

அன்பு எலிசபெத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நேற்று போனேன். வத்தக்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வியாழக்கிழமை வத்தக்குழம்பு என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே கை கழுவப் போனால், அடுக்களையில் நீ அப்பளம் பொரித்துக்கொண்டிருக்கிறாய்!

“எலிசா, அப்பளம் கருகுது பாரு!” என்று கல்லாவிலிருந்து ஓர் அம்மா கத்தினார். முகம் அப்படியே உன் முகம்.

நான் ஓடியே வந்துவிட்டேன். உன் அம்மாவின் சமையலை ஒன்பது முறை திட்டியிருக்கிறேன். நீயோ அதில் நல்ல வரி எது என்று தேடிக் கொடுத்திருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது, எலிசபெத். கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நூலகத்தைப் பற்றி வேறு எழுதிக்கொள்கிறேன்.

இனி என்னோடு பேசுவாயா?

தாரிணி

மல்காஜ்கிரி
9.7.2002

அடி அசடே தாரிணி,

நீ கிழித்தால் என்ன, என்னிடம் ஜெராக்ஸ் இருக்கிறது.

முதலில் படித்தபோது வலித்தது, ஒளிப்பானேன்? ஆனால் அந்தப் பருப்பு வரிக்குச் சிரித்துவிட்டேன். அது உண்மை. இரண்டு வருடமாக எல்லாரும் “சூப்பர் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு, மறுநாளே எதிர் மெஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். ஏன் என்று ஒருவரும் சொன்னதில்லை. நான் சொன்னால் எனக்கு வாய் நீளமாம். மெஸ்ஸை மூடிவிடலாமா என்று போன மாதம் அம்மா அழுதாள்.

அதனால் உன் கட்டுரையைத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். “நக்கோ, வேண்டாம், போதும் நிறுத்து! என் சாம்பாரைச் சொல்ல அவ யாருடீ?” என்று கரண்டியை வீசினாள். மறுநாள் காலை, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பானையில் இரண்டு கை பருப்பு கூடுதலாகப் போட்டாள்.

ஆக, உன் கட்டுரையின் சிறந்த வரி இப்போது பொய். அதை நான் அடிக்க முடியாது, கட்டுரை உன்னுடையது. வெள்ளிக்கிழமை சாம்பார். ஜெராக்ஸை எடுத்து வைத்திருக்கிறேன், பேனாவோடு வா. சாப்பிட்டுப் பார்த்து நீயே அடி.

“அந்தப் பொண்ணு எப்ப வருது?” என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

உன்
எலிசா