மூன்றை ஆறாக்கியது யார்

மார்ச் 3, திங்கள்

ஒருவழியாக லைன் பார்க்க ஆள் வந்தாயிற்று. மூன்று வாரமாகப் புகார் மேல் புகார். வந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

என் வேலையை அவளுக்கு விளக்கினேன். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுகிறேன். நடிகையின் உதடு எங்கே மூடுகிறதோ, என் வசனத்திலும் அங்கே உதடு மூடுகிற எழுத்து விழ வேண்டும். அதற்குப் படம் துல்லியமாகத் தெரிய வேண்டும். துல்லியமான படம் என்றால் பெரிய ஃபைல். அது இறங்குவதற்குள் எனக்கு இன்னும் நாலு முடி நரைத்துவிடுகிறது. ஏற்கெனவே இரண்டு எபிசோடு தாமதம். மூன்றாவதும் தாமதமானால் தொடர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கம்பெனியில் இனிக்க இனிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவள் மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து, என் கம்ப்யூட்டரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். "இது பழைய செம்புக் கம்பி மேடம். கம்பின்னா இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேல சிக்னல் எவ்வளவு தூக்கி நிக்கணும்னு ஒரு இடைவெளி விடுவோம். மார்ஜின்னு பேரு. இப்ப ஆறு இருக்கு. மூணாக்கினா வேகம் கூடும். ஆனா நடுநடுவுல லைன் அறுந்தாலும் அறுந்துடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

என் பின்னால் நின்றிருந்த இவர், "அறுந்தா என்னாகும்?" என்றார்.

"ஒரு நிமிஷம் ஒண்ணும் வராது சார். அப்புறம் தானா சேந்துக்கும்."

"அப்ப ஆறே இருக்கட்டுமே."

இவருக்கு என்ன தெரியும்? பஸ் டிப்போவில் வண்டி கிளம்பும் நேரம் குறித்து ஓய்வு பெற்றவர். மூன்று போடச் சொன்னேன். இரண்டு மணி நேரம் இழுத்த ஃபைல் ஒன்றரை மணியில் வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்போதும் சிரிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மணிக்கட்டு வலிக்கு பிசியோ. மூன்றரைக்குப் போய் ஐந்தரைக்கு வந்தேன். ஃபைல் பழையபடி நத்தை மாதிரி ஊர்கிறது. மோடத்தைத் திறந்து பார்த்தால் — ஆறு!

தானாக மாறியிருக்கும். மெஷின்தானே. மறுபடியும் மூன்று போட்டேன்.

மார்ச் 5, புதன்

மூன்றேதான். நல்ல வேகம். பதினோராம் எபிசோடு முடிந்தது.

மார்ச் 7, வெள்ளி

பிசியோவிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்தேன். ஆறு.

மெஷின் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. மோடம் நாலு நாளாக அணையாமல் ஓடுகிறது என்று அதுவே காட்டுகிறது. மார்ஜினை மாற்றினால் ஆவது போல, லைன் மட்டும் அறுந்து மறுபடி சேர்ந்திருக்கிறது. எப்போது? கணக்குப் போட்டால் பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டு. கரன்ட் போயிருந்தால் மோடமும் அணைந்திருக்கும். ஆகவே யாரோ உள்ளே நுழைந்து மாற்றியிருக்கிறார்கள்.

யாரோ. நான் இல்லாத நேரம் பார்த்து.

மார்ச் 8, சனி

மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர்தான். நம் வைஃபையைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று ஒரு காலத்தில் பெருந்தன்மையாகக் கொடுத்தது. படியில் மடக்கி, "டாக்டர், மோடத்தை ஏதாவது தொட்டீங்களா?" என்றேன். "எந்த மோடம்?" என்றார். என்ன ஒரு அப்பாவி முகம்! பல்லைப் பிடுங்கப் போகும்போதும் அந்த முகத்தைத்தான் காட்டுவார்.

அவருடைய இணைப்பைத் துண்டித்தேன். மோடத்தின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். அது என்ன என்று இங்கேகூட எழுதப்போவதில்லை. இந்த நோட்டை யார் புரட்டுகிறார்களோ.

மார்ச் 11, செவ்வாய்

ஆறு. மூன்று ஐம்பத்திரண்டு.

டாக்டர் செவ்வாய்தோறும் மூன்று மணியிலிருந்து கிளினிக்கில் இருப்பார். போர்டிலேயே எழுதியிருக்கிறது. போன் செய்தும் உறுதிப்படுத்திக்கொண்டேன் — பல் வலிக்கிறது என்று சொன்னேன். இப்போது வெள்ளிக்கிழமை போய் வாயைத் திறந்து காட்ட வேண்டும். தேவையா எனக்கு?

லைன் பெண்ணையும் கூப்பிட்டேன். "நாங்க இங்கேருந்து மாத்தறது இல்ல மேடம். உங்க வீட்டுக்குள்ளேருந்துதான் யாரோ பண்றாங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வீட்டுக்குள்ளே.

மார்ச் 12, புதன்

இந்த வீட்டுக்குள்ளே இரண்டே பேர். மகள் கோபித்துக்கொண்டு போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வேறு நாட்டில் இருக்கிறாள். என்னோடு பேச்சு இல்லை. இவரோடும் இல்லை என்றுதான் இவர் சொல்கிறார்.

நேற்றும் மூன்று ஐம்பத்திரண்டு, வெள்ளிக்கிழமையும் மூன்று ஐம்பத்திரண்டு. நிமிடம் பிசகாமல் ஒரு காரியத்தைச் செய்யக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். முப்பத்தோரு வருடம் பஸ்ஸுக்கு நேரம் குறித்தவர். நாலு மணிக்கு ஏதோ இருக்கிறது. எட்டு நிமிடம் முன்னதாக ஆயத்தமாகிறார்.

நாலு மணிக்கு என்ன? இல்லை — நாலு மணிக்கு யார்?

மார்ச் 13, வியாழன்

முகச்சவரம்! இப்போதுதான் உறைக்கிறது. திங்கள் புதனெல்லாம் முள்ளாகத் திரிகிறவர், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் மழமழ என்று இருக்கிறார். நீலச் சட்டை வேறு. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு எதற்கு நீலச் சட்டை?

எனக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வயதில் இதை எழுத வேண்டியிருக்கிறது பார்.

மார்ச் 14, வெள்ளி

"இன்னிக்கு பிசியோ இருக்குல்ல?" — காலையில் ஒரு தடவை. சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை. மூன்று மணிக்குக் குடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். மழைக்கான அறிகுறியே இல்லை.

"என்னைத் துரத்தறதுல அவ்வளவு அவசரமா?" என்றேன்.

"சேச்சே. கை சரியாகணும்ல," என்று மென்று விழுங்கினார். அப்படியே திருட்டு முழி.

பல் டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்து, ஒரு சொத்தை இருக்கிறது என்றார். நிஜமாகவே இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆறு. ஃபைல் ஏழு மணிக்குத்தான் இறங்கி முடிந்தது. எபிசோடு தாமதம். கம்பெனியிலிருந்து இன்னும் போன் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு யாரோடு இவருக்கு அப்படி ஒரு பேச்சு? கேட்டுவிடலாம். கேட்டால் பொய் சொல்வார். பொய்யைக் கேட்டுவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் எப்படி இருப்பது? வேண்டாம். கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

யோசித்தாயிற்று. நாளை கிளம்பும் முன் மார்ஜினை ஒன்றுக்கு இறக்குகிறேன். ஒன்று என்பது நூலில் தொங்குவது மாதிரி. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலும் அறுந்துவிடும். பாஸ்வேர்டையும் வாய்க்கு வந்த எழுத்தும் எண்ணுமாகப் போட்டு மாற்றிவிடுகிறேன். இவர் எந்தச் சாமியை வேண்டிக்கொண்டாலும் உள்ளே நுழைய முடியாது. நாலு மணிப் பேச்சு நாராகக் கிழியட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

நாலு மணியிலிருந்து நாலு இருபதுக்குள் லைன் ஏழு முறை அறுந்திருக்கிறது. மோடமே எழுதி வைத்திருக்கிறது.

நான் வந்தபோது நீலச் சட்டையோடு பின்னறையில் உட்கார்ந்திருந்தார். டேப்லெட் மடியில். "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று தேன் ஒழுகக் கேட்டேன். எழுந்து தெருமுனை வரைக்கும் போனார். எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எடுக்காது, லேண்ட்லைன்தான்; செல்போன் அங்கேதான் எடுக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

நன்றாக வேண்டும். உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. மார்ஜினை மூன்றுக்குக் கொண்டு வந்துவிட்டு நிம்மதியாக வேலை பார்த்தேன்.

மார்ச் 19, புதன்

இவர் சாப்பிடவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று தடவை தெருமுனைக்குப் போய்விட்டு வந்தார். இப்படி உருகும் அளவுக்கா ஒருத்தி? எனக்கு நூற்று மூன்று காய்ச்சல் வந்தபோதுகூட வயிறாரச் சாப்பிட்டவர் இவர்.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பிசியோவுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, நாலு மணிக்கே திரும்பிவிட்டேன். பின்னறைக்குக் கண்ணாடிக் கதவு. நடையிலிருந்து பார்த்தால் இவர் முகம் தெரியும். டேப்லெட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே வரவில்லை. எனக்குச் சத்தம் தேவையும் இல்லை. இருபது வருடமாக ஊமைப் படமாக ஓடவிட்டு உதடு பார்க்கிறவள் நான்.

முதலில் "குட்டிமா." அப்புறம் "கோபமா?" அப்புறம் கொஞ்சம் குனிந்துகொண்டார், தெரியவில்லை. நிமிர்ந்ததும், "அம்மாவுக்கு எதுவும் தெரியாது."

குட்டிமா என்று இவர் கூப்பிடுவது உலகத்தில் ஒரே ஒருத்தியை. நான் பெற்றவளை.

கதவைத் திறந்துகொண்டு போனேன். இவர் திடுக்கிட்டு டேப்லெட்டைக் கவிழ்த்தார். யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு அனுப்பத் தன்னையே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவள்தான் போனை எடுப்பதில்லையே.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"ஏழு மாசமா. நீ பிசியோ போற நாள்ல. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா. நல்லாத்தான் போயிட்டிருந்தது. நீ மூணு போட்டதுலேருந்து நடுவுல நடுவுல அறுந்துபோச்சு. லைன் பாக்க வந்த அந்தம்மா சொல்லிக் குடுத்ததைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? ஆறு போட்டேன்."

"போட்டா, பேசி முடிச்சதும் திரும்ப மூணு போடறதுக்கு என்னங்க?"

"நீதான் அதையே பாத்துக்கிட்டு இருக்கியே. நீயே மாத்திப்பேன்னு விட்டுட்டேன்."

சிரிப்பதா, அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? "நான் மாத்தின பாஸ்வேர்டு எப்படித் தெரிஞ்சுது?"

"அவ பொறந்த தேதி. முதல் தடவையே தொறந்துடுச்சு."

உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று பிறகுதான் சொன்னார். அவள் அழுதுகொண்டே, "அப்பா, எனக்கு ஒரு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க" என்றிருக்கிறாள். அதோடு லைன் போய்விட்டது. வந்தது. போய்விட்டது. கடைசியாக வந்தபோது, "அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க, வேணும்னே அறுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். அப்புறம் எடுக்கவே இல்லை. என்ன ஆபரேஷன், எங்கே, எப்போது — மூன்று நாளாக எதுவும் தெரியாமல் இந்த மனுஷன் தெருமுனையில் நின்றிருக்கிறார். நான் ஜன்னலில் நின்று சந்தோஷப்பட்டேன்.

மார்ச் 22, சனி

"லைன் கோளாறுன்னு சொல்லிடலாம். அவ நம்பிடுவா," என்கிறார் இவர். நம்ப மாட்டாள். என் மகள் அவள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் போனை எடுத்துப் படித்தேன். படித்தது போதாதென்று, ஆபீஸ் வேலையாக வெளியூர் போவது உண்மைதானா என்று அவளுடைய மேலதிகாரிக்கே போன் போட்டேன். உண்மைதான். ஆபீஸ் முழுக்க அது பரவி எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அம்மா என்ற முறையில் விசாரித்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விசாரிக்கவில்லை. அவமானப்படுத்தினேன்.

நாலு தடவை எழுதி அழித்து, கடைசியில் இதை அனுப்பினேன்: "லைனை அறுத்தது நான்தான். பேசுவது நீ என்று தெரியாது. அப்பாவைச் சந்தேகப்பட்டேன். தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். என்னோடு பேச வேண்டாம். அப்பாவிடம் மட்டும் என்ன ஆபரேஷன் என்று சொல்லு."

மார்ச் 23, ஞாயிறு

பார்த்துவிட்டாள். பதில் இல்லை. பார்த்துவிட்டாள் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? பன்னிரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

மார்ச் 24, திங்கள்

கம்பெனியிலிருந்து போன். தொடரை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சரி என்றேன். வழக்கமாகச் சண்டை பிடிப்பேன் போல, அந்தப் பக்கம் இருந்த பெண், "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் பதில் வந்தது. "அப்பாகிட்ட சொல்லுங்க. பித்தப்பையில கல்லு. ஒண்ணாம் தேதி ஆபரேஷன். சின்னதுதான். பயப்பட வேண்டாம்."

அப்பாகிட்ட சொல்லுங்க. ஆனால் எழுதியது எனக்கு.

இவர் அதை வாங்கி மூன்று முறை படித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது," என்றார். மார்ஜினை ஒன்பதில் வைத்தேன். வேகம் பாதியாகிவிட்டது. இருக்கட்டும்.

மார்ச் 28, வெள்ளி

நாலு மணிக்கு இருவரும் பேசினார்கள். நான் நிஜமாகவே பிசியோவுக்குப் போய்விட்டேன். அங்கே போய் என்ன செய்தேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவளுடைய தோழியிடமிருந்து செய்தி: நல்லபடியாக முடிந்தது. கண் விழித்துவிட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பிசியோவுக்குப் போகவில்லை. கை வலி பரவாயில்லை என்று இவரிடம் சொன்னேன். நம்பினாரோ என்னவோ, எதுவும் கேட்கவில்லை. மூன்று ஐம்பத்திரண்டுக்கு நானே போய் லைனைப் பார்த்தேன். ஒன்பது. அசையாமல் இருந்தது.

பின்னறைக் கதவை இவர் சாத்திக்கொண்டார். நான் சமையலறையில்தான் இருந்தேன். பிறகு நடைக்கு வந்தேன். பிறகு கதவோரம் நின்றேன். உதடு பார்க்கவில்லை. குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். கொஞ்சம் கம்மியிருந்தது. தையல் இழுக்கிறது, கஞ்சி மாதிரி எதையோ கொடுக்கிறார்கள், வாயில் வைக்க முடியவில்லை — இப்படி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.

திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, "அப்பா, அம்மா கதவுக்குப் பின்னாடி நிக்கறாங்களா?" என்றாள்.

இவர் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன்.

"நிக்கறா," என்றார்.

வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"ஒட்டுக் கேக்கறதுக்கு உள்ள வந்தே கேக்கலாம்ல," என்றாள். "வந்து உக்காரச் சொல்லுங்க."

இவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.