சிரித்தால் விற்குமா?

மார்ச் 4, புதன்

கடையில் விற்பனை குறைந்ததற்கு எங்கள் முகம்தான் காரணமாம். மேனேஜர் இன்று கண்டுபிடித்துவிட்டார். "கவுண்டர்ல உட்கார்ந்தா சிரிக்கணும்மா. சிரிச்சா சாமான் தானா போகும்." நான், பக்கத்துக் கவுண்டர் அக்கா, இன்னும் இரண்டு பெண்கள். நாலு பேரும் வரிசையாக நின்று சிரித்துக் காட்டினோம். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுப்பது மாதிரி.

எங்களுடையது மலிவு விலைக் கடை. சோப்பிலிருந்து செருப்பு வரை எல்லாம் கிடைக்கும். வருபவர்கள் பெரும்பாலும் எதிர்த்த தையல் கம்பெனிப் பெண்கள். அங்கே மாதச் சம்பளத்தை எடுத்துவிட்டு, போன் வந்தால்தான் வேலை என்று மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து கூடையில் போடும்போது ஒரு மனசு, பில் போடும்போது இன்னொரு மனசு. "அந்த எண்ணெயை எடுத்துடுங்க... பிஸ்கட்டும் வேணாம்... சோப்பு ஒண்ணு போதும்." பில் போடுவதைவிடக் கழிப்பதில்தான் இப்போது என் கை வேகம். இதில் எங்கே சிரிப்பது?

மார்ச் 5

சிரித்துப் பார்த்தேன். ஒரு பெரியவர், "பல்லு வலியாம்மா?" என்றார்.

மார்ச் 16, திங்கள்

இனி எங்களுக்கும் போன் வந்தால்தான் வேலை. விற்பனை குறைகிறதாம், மேலிடத்து உத்தரவாம். முந்தின நாள் சாயந்திரம் மேனேஜர் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் லீவு, சம்பளமும் லீவு.

குளிக்கப் போனாலும் போனைக் கூடவே எடுத்துப் போகிறேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். அவர் பாடு மட்டும் என்ன வாழ்கிறது? முடிவெட்டும் கடையில் வேலை. "முன்னெல்லாம் மாசம் தவறாம வருவாங்க. இப்போ முடி கண்ணை மறைச்சாதான் வர்றாங்க" என்கிறார். தெருவே சாமியார் மடம் மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது.

மார்ச் 25, புதன்

போன் வரவில்லை. அதனால் எங்கள் கடைக்கே நான் சாமான் வாங்கப் போனேன். கவுண்டரில் அக்கா.

"அக்கா, அந்த ஷாம்பு பாட்டிலை எடுத்துடுங்க. பாக்கெட்டே போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. மேனேஜர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், சிரிப்புப் பயிற்சி பலித்துவிட்டதென்று!

பாட்டில் வாங்குவதுதான் லாபம் என்று எனக்குத் தெரியாதா? தினம் விற்கிறவள்தானே. ஆனால் லாபம் பார்க்கவும் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

கடை முழுக்கச் சிவப்பு ஸ்டிக்கர், "விலை இன்னும் குறைவு". யாரும் சீந்தவில்லை. மறுபடி மேனேஜர் மீட்டிங், மறுபடி சிரிப்பு உபதேசம். அக்கா எழுந்தார். "சார், நாளைக்கு எனக்கு வேலை இருக்கா இல்லையான்னு சொல்லுங்க. இப்பவே வாய் கொள்ளாம சிரிக்கிறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். மேனேஜரும்தான். அப்போது அவருக்கு மேலிடத்திலிருந்து போன். வெளியே போய் யாருமில்லாத சுவருக்கு முன்னால் குனிந்து குனிந்து "சரிங்க சார்" போட்டார். பாவமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 8, புதன்

அக்காவுக்கு அதற்கப்புறம் போனே வரலை. எனக்கு மட்டும் தினம் வருது. அவங்க வேலை நாளையெல்லாம் தூக்கி எனக்குக் கொடுக்கிறாரு மனுஷன் — நானும் வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிறேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? யாரைக் கேட்கிறேன்? வாடகை கொடுக்கணுமே...

ஷாம்பு பாட்டில் வாங்கினேன். தலையில் தேய்க்கும்போது அக்கா முகம்தான் வருது.

ஏப்ரல் 9

மற்ற இரண்டு கவுண்டர் பெண்களிடமும் பேசிவிட்டேன். சரி என்றார்கள்.

ஏப்ரல் 11, சனி

நேற்று சாயந்திரம் போன் வந்தது. "வர முடியாதுங்க சார்" என்றேன். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். இன்று தையல் கம்பெனியில் கூலி கொடுக்கும் நாள். கடையில் கூட்டம் நெரியும்.

காலையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. மேனேஜரே கவுண்டரில் உட்கார்ந்து, வாளியைத் தலைகீழாகத் திருப்பி விலையைத் தேடிக்கொண்டிருந்தார். வரிசை வாசல் தாண்டி நின்றது. சிலர் கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் கத்தியது ரோடு தாண்டிக் கேட்டது: "சோப்பைக் கழிக்கச் சொன்னா இன்னொரு சோப்பு ஏத்துறீங்களே!"

கடைசியில் அவரே வாசலுக்கு ஓடி வந்தார். "அம்மா, வாங்கம்மா, மானம் போகுது!"

ரோட்டைத் தாண்டினேன். "வாரம் முழுக்க யாருக்கு என்னைக்கு வேலைன்னு முன்னாடியே எழுதி ஒட்டுங்க சார். அக்கா பேரும் இருக்கணும்."

"மேலே கேட்பாங்களேம்மா."

"இந்தக் கூட்டம் திரும்பிப் போனாலும் கேட்பாங்க சார்."

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்க ரெண்டாவது கவுண்டர்ல உட்காருங்கம்மா" என்றார்.

மத்தியானம் வரை தலை நிமிரவில்லை. மேனேஜர் எங்களுக்குப் பை பிரித்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 13

ஒட்டிவிட்டார். நாலு பேர் பெயரும் இருக்கிறது.

மே 7, வியாழன்

மேலிடத்தில் முணுமுணுத்தார்களாம். ஜூன் வரை பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். சம்பளம் ஏறவில்லை. எதிர்த்த கம்பெனியில் இன்னும் போன்தான்.

இன்று வேலை முடிந்ததும் அக்கா எங்கள் கடையிலேயே ஒரு நாற்காலி வாங்கினார். நீல நிறம், கைப்பிடி வைத்தது. பஸ் வரவில்லை, நிறுத்தத்தில் பெஞ்சும் கிடையாது. நாற்காலியை அங்கேயே போட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா திடீர்னு நாற்காலி?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுன்னு இப்பவே தெரியுதுல்ல. தங்கச்சியை வரச் சொல்லியிருக்கேன். அவ வந்தா உட்கார வேணாமா?"

கம்பெனிப் பெண் ஒருத்தி கையில் போனோடு நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து, "நீ கொஞ்ச நேரம் உட்காரும்மா" என்றார்.